காசநோய்க்கு ஒரு "பங்காளி"! 6 மாத மாத்திரைக்கும் மசியாத இருமல்

நாகர்கோவில்:-

இருமல் வந்தது. சளியைச் சோதித்தார்கள். "கிருமி இருக்கு" என்றார்கள். 6 மாதம் வேளை தவறாமல் மாத்திரை விழுங்கியாச்சு. மறுபடியும் சோதித்தார்கள். கிருமி போகவில்லை!

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீரா, இல்ல ஜன்னல் வழியா எறிஞ்சீரா?" என்று சொந்த வீட்டிலேயே சந்தேகம். தட்டு தனி, தம்ளர் தனி. படுக்கை திண்ணைக்கு வந்துவிட்டது. வேலை பார்த்த கடையில், "சொகமான பிறகு வாரும் வே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்படி ஒருவர் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் இருக்கலாம். மாத்திரையை அவர் எறிந்திருக்க மாட்டார். ஒரு வேளைகூடத் தவறியிருக்க மாட்டார்.

அவர் நெஞ்சில் இருப்பது காசநோய்க் கிருமியாகவே இல்லாமல் இருக்கலாம். அதன் "பங்காளி"யாக இருக்கலாம்!

காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்பது இந்தப் பங்காளிகளின் பெயர். டாக்டர்கள் சுருக்கமாக என்.டி.எம். என்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் 190-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் ஒரு சில தான் மனிதனின் நுரையீரலில் வம்பு செய்பவை.

ஆள் மாறாட்டம்

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மனி டாக்டர் ராபர்ட் காக் அறிவித்தது 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி. அந்த நாள் தான் இன்றும் உலகக் காசநோய் தினம்.

அதன்பிறகு சளியில் அந்தக் கிருமியைக் காண ஒரு சாயச் சோதனை வந்தது. கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு அமிலம் ஊற்றிக் கழுவுவார்கள். மற்ற கிருமிகளின் சாயம் வெளுத்துப்போகும். காசநோய்க் கிருமி மட்டும் சாயத்தை விடாது. அதன் மேல் மெழுகுப் போர்வை இருப்பது தான் காரணம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள்!

சிக்கல் இங்கே தான் ஆரம்பம். பங்காளிகளுக்கும் அதே மெழுகுப் போர்வை. அதே சிவப்புக் குச்சி. ஒரே தாத்தா வழி வந்தவர்களுக்கு மூக்கும் முழியும் ஒன்றுபோல இருக்கிற மாதிரி. மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்க்கிறவருக்கு யார் அண்ணன், யார் தம்பி என்று தெரியாது.

நோயின் அறிகுறிகளும் அப்படியே. மாதக்கணக்கில் இருமல், சளி, அசதி, இளைப்பு, எடை குறைவு. சிலருக்குச் சளியில் ரத்தம். எக்ஸ்ரேயில் நிழல்.

உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ 4-ல் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ஆகவே சிவப்புக் குச்சி தெரிந்ததும் டாக்டர்கள் முதலில் காசநோயை நினைப்பதில் தவறே இல்லை. பெரும்பாலும் அது காசநோய் தான். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் குணமாகாதபோது தான் பங்காளி மீது சந்தேகம் வரவேண்டும்.

எங்கே குடியிருப்பு?

காசநோய்க் கிருமி மனிதனிடம் குடியிருப்பது. ஒருவர் இருமினால் காற்று வழியாக இன்னொருவருக்குப் போகும்.

பங்காளியின் குடியிருப்பு வேறு. மண், தண்ணீர், தூசி, குழாயின் உள்பக்கத்துப் பாசி வழுவழுப்பு, மொட்டைமாடித் தொட்டி, குளியலறை ஷவர். குளோரின் போட்டாலும் சட்டென்று சாகாது. மெழுகுப் போர்வை அங்கேயும் கவசம்.

பயந்துவிட வேண்டாம்! இந்தக் கிருமிகளை எல்லா மனிதரும் குடிக்கிறார்கள், சுவாசிக்கிறார்கள். வயலில் இறங்குகிறவரும் சரி, குளத்தில் குளிக்கிறவரும் சரி, தினமும் இவற்றோடு தான் பழகுகிறார்கள். நூற்றுக்கு மிகப் பெரும்பாலோரை இவை ஒன்றும் செய்வதில்லை. நல்ல நுரையீரல் வந்ததை வந்த வழியே விரட்டிவிடும்.

யாரைப் பிடிக்கும்?

கதவு உடைந்த வீட்டில் தான் கள்ளன் நுழைவான். ஏற்கனவே அடிபட்ட நுரையீரல் தான் இந்தக் கிருமிக்கு வசதி.

முதல் வரிசையில் நிற்பவர்கள், முன்பு காசநோய் வந்து குணமானவர்கள். நோய் போனாலும் நுரையீரலில் வடு நிற்கும். சிலருக்குப் பொந்து விழுந்திருக்கும். சிலருக்கு மூச்சுக்குழாய் விரிந்து தொளதொளத்து, அதில் சளி தேங்கும். தேங்கிய சளி கிருமிக்குத் தொட்டில்.

அடுத்து, பீடி, சிகரெட், அடுப்புப் புகையால் நெஞ்சு கெட்டவர்கள். குமரி மாவட்டத்தில் இப்படிப் புகை தின்னும் வேலைகளுக்குப் பஞ்சமில்லை. அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி போடும் பெண்கள் மணிக்கணக்கில் அடுப்பு முன்னால் உட்காருகிறார்கள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவர்கள், செங்கல் சூளையில் நிற்பவர்கள், வீட்டில் விறகடுப்பு ஊதுகிறவர்கள் எல்லோருக்கும் நெஞ்சு தான் முதலில் பழுதாகும். "வயசானா இரைக்கத்தானே செய்யும் மக்களே" என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். அது வயதின் இரைப்பு அல்ல. புகையின் இரைப்பு.

கல் உடைக்கும் தூசியைச் சுவாசித்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து உண்டு. பீடியே தொடாத, ஒல்லியான, வயதான பெண்களுக்கும் இந்த நோய் வருவதை உலகம் முழுவதும் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நிற்கிறது. கல்லூரி வந்தது 2001-ல். அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது காசநோய் ஆஸ்பத்திரி. "ஆசாரிப்பள்ளத்துக்குப் போயிருக்காரு" என்றால் என்ன நோய் என்று ஊருக்கே புரியும். அந்தக் காலத்தில் காசநோயை வென்று வீடு திரும்பியவர்கள் பலர் இப்போது தாத்தா, பாட்டி. அவர்களுக்கு மறுபடி இருமல் வந்தால் "பழைய நோய் திரும்பிட்டு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திரும்பியது பழைய நோயா, அந்த வடுவில் புதிதாகக் குடியேறிய பங்காளியா என்று பார்க்கவேண்டும்.

செங்கல்பட்டில் நடந்த சோதனை

தமிழ்நாட்டு மண்ணில் இந்தக் கிருமிகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பது தெரிய வந்ததே ஒரு பெரிய கதை.

1968-ம் ஆண்டு. அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பு ஊசியைப் பற்றி உலகமே எதிர்பார்த்த ஒரு சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையும் கைகோர்த்தன. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி. ஊசி. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பிறகு ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு.

1979-ல் முதல் அறிக்கை வந்தது. உலகமே திகைத்தது! ஏழரை ஆண்டுக் கணக்குப்படி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 15 ஆண்டுக் கணக்கு 1999-ல் வெளியானது. அதிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

காரணம் என்ன? ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று, இந்தப் பங்காளிக் கிருமிகள்! அந்தப் பகுதியில் தோலில் ஊசி போட்டுச் சோதித்தபோது, வயது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உடம்பு இந்தக் கிருமிகளை முன்பே சந்தித்திருந்தது தெரிந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கிருமிகளோடு சின்ன வயதிலிருந்தே பழகிய உடம்பில், பி.சி.ஜி. புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

அதே பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வு 1994-ல் வெளியானது. மண்ணை எடுத்தார்கள், தண்ணீரை எடுத்தார்கள், வீட்டுத் தூசியை எடுத்தார்கள், மக்களின் சளியையும் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் இந்தக் கிருமிகள் இருந்தன.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இதைப் படித்துவிட்டு, பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு மூளை உறையிலும் உடம்பு முழுவதும் பரவும் கொடிய காசநோயை அந்த ஊசி தடுக்கிறது. கட்டாயம் போடவேண்டிய ஊசி அது.

அமெரிக்காவிலும் அதே கதை

ஆள் மாறாட்டம் நம் ஊரில் மட்டும் நடந்தது அல்ல. 1953-ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் இரண்டு டாக்டர்கள் நோயாளிகளின் சளியிலிருந்து ஒரு மஞ்சள் நிறக் கிருமியை வளர்த்தார்கள். காசநோய் போலவே நோய். ஆனால் கிருமி வேறு. அதற்கு இன்றைய பெயர் மைக்கோபாக்டீரியம் கன்சாசி.

அதே 1950-களில் ஜார்ஜியா மாநிலத்து பாட்டே ஆஸ்பத்திரியில், காசநோயாளிகள் என்று சேர்க்கப்பட்டிருந்தவர்கள் சிலரிடம் இன்னொரு பங்காளி சிக்கியது. "பாட்டே கிருமி" என்றே அதை அழைத்தார்கள். செங்கல்பட்டில் தோலில் போட்டுப் பார்த்த சோதனை ஊசி கூட அந்த பாட்டே கிருமியிலிருந்து தயாரானது தான்!

ஜப்பானில் 2007-ல் 1 லட்சம் பேருக்கு 5.7 ஆக இருந்த இந்த நுரையீரல் நோய், 2014-ல் 14.7 ஆக ஏறிவிட்டது. காசநோய் குறையக் குறையப் பங்காளி வெளியே தெரிகிறான்.

பெயர் தெரிந்தால் தான் மருந்து

எந்தக் கிருமி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. இவை காசநோய்க் கிருமியை மட்டும் அடையாளம் காட்டும். மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குச்சி தெரிகிறது, ஆனால் மரபணுச் சோதனையில் "காசநோய் இல்லை" என்று வருகிறது என்றால் உடனே உஷாராக வேண்டும். பங்காளியின் கைரேகை அது!

அடுத்தது கல்ச்சர் சோதனை. சளியில் உள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். வேகமாக வளரும் இனம் ஒரு வாரத்துக்குள் தெரியும். மெதுவாக வளர்வது பல வாரம் எடுக்கும். வளர்ந்த பிறகு இனத்தின் பெயரைக் கண்டுபிடிப்பார்கள்.

ஒரே ஒரு தடவை வளர்ந்தால் போதாது. தண்ணீரில் இருக்கிற கிருமி தானே, சளி டப்பாவில் தற்செயலாக ஒட்டியிருக்கலாம். அதனால் வேறு வேறு நாளில் எடுத்த 2 சளியிலாவது ஒரே இனம் வளரவேண்டும். நோயாளிக்கு அறிகுறி இருக்கவேண்டும். எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேனில் கோளாறு தெரியவேண்டும். மூன்றும் சேர்ந்தால் தான் நோய் என்று முடிவு செய்வார்கள்.

இந்தச் சோதனை இல்லாமல் போனால் என்ன ஆகும்? மருந்துக்கு மசியாத காசநோய் என்று முத்திரை குத்தப்படும். இன்னும் கடுமையான மருந்துகள், இன்னும் பல மாதங்கள். கிருமி மட்டும் அசையாது.

மருந்து என்ன?

இனத்துக்கு இனம் மருந்து மாறுகிறது. எல்லோரிடமும் அதிகம் காணப்படுவது ஏவியம் கூட்டம். அதற்கு அசித்ரோமைசின், ரிபாம்பிசின், எத்தாம்புட்டால் என்று 3 மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். நுரையீரலில் பொந்து இருந்தால் ஆரம்பத்தில் சில மாதம் அமிக்காசின் ஊசியும் உண்டு.

எவ்வளவு காலம்? சளியில் கிருமி வளர்வது நின்ற நாளிலிருந்து 12 மாதம்! மொத்தம் ஒன்றரை வருடம் கூட ஆகலாம்.

கன்சாசி இனம் ஓரளவு சாது. காசநோய் மருந்துகளே அதற்குப் பலன் தரும். அப்செசஸ் என்ற இனம் தான் முரட்டு ஆசாமி. வழக்கமான காசநோய் மருந்து எதற்கும் அசையாது. பல ஊசிகளும் மாத்திரைகளும் சேர்த்துக் கொடுத்தாலும் போராட்டம் தான். சிலருக்குக் கெட்டுப்போன பகுதியை ஆபரேஷன் செய்து எடுக்க நேரிடும்.

பக்க விளைவுகளும் உண்டு. எத்தாம்புட்டால் கண்ணைப் பாதிக்கலாம். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். அமிக்காசின் காதைப் பாதிக்கலாம். ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரத்தம் அல்ல.

கிருமி வளர்ந்த எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதும் இல்லை. நோய் லேசாக இருந்தால் சளியையும் ஸ்கேனையும் அடிக்கடி பார்த்துக்கொண்டு டாக்டர்கள் காத்திருப்பார்கள். அது அலட்சியம் அல்ல. அதுவும் வைத்தியத்தின் ஒரு பகுதி தான்.

"அந்த 3 மாத்திரை குடுங்க அண்ணாச்சி"

இருமல் என்றதும் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் இப்படிக் கேட்கிறவர்கள் ஏராளம். அந்த 3 மாத்திரை பல சமயம் அசித்ரோமைசினாக இருக்கும். ஏவியம் கிருமிக்கு எதிரான பிரதான ஆயுதமே அது தான்!

அதை மட்டும் தனியாக அடிக்கடி விழுங்கினால் கிருமி பழகிவிடும். பிறகு சரியான நோய் தெரிந்து சரியான மருந்து கொடுக்கும்போது ஆயுதம் மழுங்கிப் போயிருக்கும். கடைக்காரர்களும் சீட்டு இல்லாமல் அதை எடுத்துக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "எனக்கு இருக்கிறது காசநோய் இல்லை, பங்காளி தான்" என்று தானாகவே முடிவு செய்து காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. முடிவு சொல்லவேண்டியது சோதனை. நோயாளி அல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல.

தட்டு தனி வேண்டாம்!

இந்தக் கிருமி பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தான் வருகிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கலாம். பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம். கடையில் வேலை கொடுக்கலாம்.

காசநோய்க்கே கூட ஆளை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்று நிரூபித்தது நம்ம சென்னை தான்! 1956-ல் தொடங்கப்பட்ட சென்னை காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து. 1959-ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட அந்த முடிவு ஒரு காரணம். அந்த மையம் தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்னொரு பக்கம் ஒரு குறையும் இருக்கிறது. காசநோயாளிக்கு மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக 2018-ல் தொடங்கிய உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். பங்காளி நோய்க்காரர் காசநோயாளி அல்ல என்பதால் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவருக்கும் அதே இளைப்பு, அதே எடை இழப்பு, அதைவிட நீண்ட வைத்தியம். அவர் சோற்றுக்கு யார் கணக்கு எழுதுவது?

வீட்டில் என்ன செய்யலாம்?

நெஞ்சுச் சளியைத் தேங்கவிடாமல் வெளியேற்ற மூச்சுப் பயிற்சிகள் உண்டு. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு தினமும் செய்யவேண்டும். எடை குறையாமல் முட்டை, மீன், பயறு என்று சாப்பிடவேண்டும். பீடியை விட்டே ஆகவேண்டும். சாப்பிட்டதும் படுத்தால் எதுக்களித்து நெஞ்சுக்குள் போகும். கொஞ்ச நேரம் கழித்துப் படுப்பது நல்லது.

வீட்டில் நெபுலைசர், ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அல்லது கிருமி நீக்கிய தண்ணீர் தான் ஊற்றவேண்டும். நெஞ்சு நோய் உள்ளவர்கள் காய்ந்த மண்ணைக் கிளறும்போது மூக்கை மூடிக்கொண்டு, மண்ணை நனைத்துவிட்டுக் கிளறலாம்.

2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுங்கள். காசநோய் மருந்து சாப்பிட்டும் கிருமி போகவில்லை என்றால் டாக்டரிடம் தைரியமாக 3 கேள்வி கேளுங்கள்.

மரபணுச் சோதனையில் என்ன வந்தது?

கல்ச்சருக்கு அனுப்பியாச்சா?

வளர்ந்த கிருமியின் பெயர் என்ன?

திண்ணையில் படுக்க வைக்கப்பட்டவரை உள்ளே கூப்பிடுங்கள். அவர் மாத்திரையை எறிந்தாரா என்று கேட்கவேண்டாம். கிருமியின் பெயரைக் கேளுங்கள்.